சீரற்ற பின் டயர் தேய்மானம்

சீரற்ற பின் டயர் தேய்மானம் என்பது ஒரு தானுந்தின் பின் சக்கரங்களில் உள்ள டயர்கள் (உருளிப்பட்டைகள்) முழு அகலத்திலும் ஒரே அளவில் தேயாமல், உள்விளிம்பு, வெளிவிளிம்பு, நடுப்பகுதி ஆகியவற்றுள் ஒன்றிலோ சுற்றளவின் சில இடங்களிலோ மட்டும் மிகுதியாகத் தேய்வதைக் குறிக்கும். இது எல்லா வகை ஊர்திகளிலும் காணப்படலாம். எனினும், பின்சக்கர இயக்கமும் அகலமான பின் டயர்களும் கொண்ட விளையாட்டுத் தானுந்துகளில் (ஸ்போர்ட்ஸ் கார்) இது அடிக்கடி ஏற்படுகிறது.

இத்தகைய தேய்மானத்துக்கு டயரின் தரக்குறைவு காரணமாக இருப்பது அரிது. சக்கரத்தின் சாய்வு, சக்கரம் நோக்கும் திசை, காற்றழுத்தம், தாங்கமைப்பின் நிலை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ பிழைபட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாகும். எனவே காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புதிய டயரும் அதே இடத்தில் தேயத் தொடங்கும். பின் சக்கரத்தின் உள்விளிம்பு வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தேய்மானம் முற்றிய பின்னரே பலரும் இதனை அறிகின்றனர். மழைக்காலத்தில் இது விபத்துக்கு இட்டுச்செல்லக்கூடியது.

சென்னையில் 1961 ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற தானுந்தின் பின் அச்சு அமைப்பு, இச்சிக்கலின் இயக்கவியலை விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அடிப்படை

ஓடும் தானுந்தைச் சாலையுடன் இணைப்பவை நான்கு டயர்களின் தொடுபரப்புகள் மட்டுமே. ஒரு சக்கரத்தின் மீது 350 கிலோகிராம் சுமை இருப்பதாகவும், டயரின் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. எனவும் கொண்டால், அச்சக்கரத்தின் தொடுபரப்பு ஏறத்தாழ 155 சதுர செ.மீ. மட்டுமே இருக்கும். இது விரித்த ஓர் உள்ளங்கையின் அளவை ஒத்தது. முடுக்கம், தடுத்தல், திருப்பம் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய விசைகள் அனைத்தும் இச்சிறு பரப்பின் வழியாகவே கடத்தப்படுகின்றன.

சக்கரம் நேராக உருளும்போது தொடுபரப்பில் உள்ள ரப்பர் சாலையில் பதிந்து எழுகிறது, சறுக்குவதில்லை. சக்கரம் உருளும் திசைக்கும் தானுந்து செல்லும் திசைக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலும் ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டுச் சறுக்கும். தேய்மானத்தின் பெரும்பகுதி இச்சறுக்கலால் விளைகிறது. சுமை தொடுபரப்பில் சமமாகப் பரவாவிடில், சுமை மிகுந்த பகுதி விரைவாகத் தேயும்.

தேய்மானத்தின் வடிவங்கள்

தேய்ந்த டயரின் தோற்றத்திலிருந்து காரணத்தைப் பெருமளவு ஊகிக்க இயலும். பொதுவாகக் காணப்படும் வடிவங்கள் பின்வருமாறு:

- உள்விளிம்புத் தேய்மானம்: சக்கரத்தின் மேற்பகுதி வண்டியை நோக்கி மிகுதியாகச் சாய்ந்திருத்தல், அல்லது இரு சக்கரங்களும் முன்புறம் விரிந்திருத்தல். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் தேய்மானம் மிக விரைவாக நிகழும்.
- வெளிவிளிம்புத் தேய்மானம்: இரு சக்கரங்களும் முன்புறம் மிகுதியாகக் குவிந்திருத்தல், அல்லது மேற்பகுதி வெளிநோக்கிச் சாய்ந்திருத்தல். திருப்பங்களில் விரைந்து ஓட்டுவதாலும் ஏற்படும்.
- நடுப்பகுதித் தேய்மானம்: காற்றழுத்தம் அளவுக்கு மிகுந்திருத்தல். ஆற்றல் மிகுந்த பின்சக்கர இயக்கத் தானுந்துகளில் அடிக்கடி கடுமையாக முடுக்குவதாலும் ஏற்படலாம்.
- இரு விளிம்புகளிலும் தேய்மானம்: காற்றழுத்தம் குறைந்திருத்தல்.
- இறகுத் தேய்மானம்: டயரின் வரிகள் ஒரு பக்கம் மழுங்கியும் மறுபக்கம் கூர்மையாகவும் இருத்தல். கையால் ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும். இது சக்கரத்தின் திசைப் பிழைக்கு உரிய அடையாளமாகும்.
- குழித் தேய்மானம்: சுற்றளவில் விட்டுவிட்டுப் பள்ளங்கள் தோன்றுதல். வலுவிழந்த அதிர்வுதாங்கி (ஷாக் அப்சார்பர்), சக்கரச் சமநிலைக் குறைவு, தளர்ந்த புஷ் ஆகியன காரணமாகலாம்.
- தட்டைத் தேய்மானம்: ஓர் இடம் மட்டும் தட்டையாதல். சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குத் தடுப்பை அழுத்துவதால் உண்டாகும். நெடுநாள் அசையாமல் நிறுத்திவைத்த தானுந்திலும் டயர் தட்டையாவதுண்டு. ஆனால் அது ரப்பர் தேய்ந்ததன்று, உருமாறியதேயாகும். ஓடிச் சூடேறியதும் பெரும்பாலும் மறையும்.

காரணங்கள்

சாய்கோணம்

முன்னிருந்தோ பின்னிருந்தோ பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைச் சாய்கோணம் குறிக்கும். பணிமனைகளில் இது கேம்பர் என்றே வழங்கப்படுகிறது. மேற்பகுதி வண்டியை நோக்கிச் சாய்ந்திருப்பது உட்சாய்வு; வெளிநோக்கிச் சாய்ந்திருப்பது வெளிச்சாய்வு.

திருப்பத்தில் தானுந்தின் உடல் வெளிப்பக்கம் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் உடன் சாய முற்படும். முன்கூட்டியே சிறிது உட்சாய்வு வைத்திருந்தால், சாய்ந்த நிலையில் அச்சக்கரம் சாலையில் முழு அகலத்திலும் பதியும். இதன் பொருட்டே பல விளையாட்டுத் தானுந்துகளின் பின் சக்கரங்களில் 1 முதல் 2 பாகை வரை உட்சாய்வு தொழிற்சாலையிலேயே அமைக்கப்படுகிறது. நேர்ச்சாலையில் இதன் விலை, உள்விளிம்பு சற்றே கூடுதலாகத் தேய்வதாகும். அளவோடு இருக்கும் உட்சாய்வு மட்டும் டயரை விரைவில் அழித்துவிடுவதில்லை. பெருந்தீங்கு விளைவது திசைப் பிழையும் அதனுடன் சேரும்போதுதான்.

திசைக்கோணம்

மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக உள்ளதா என்பதைத் திசைக்கோணம் குறிக்கும். பணிமனை வழக்கில் இது டோ எனப்படும். ஓர் அச்சின் இரு சக்கரங்களும் முன்புறம் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் முன்குவிவு, விலகியிருந்தால் முன்விரிவு ஆகும்.

டயர்த் தேய்மானத்தில் மிகுந்த செல்வாக்குடையது இக்கோணமே. ஒரு சக்கரம் கால் பாகை (0.25°) திசை மாறியிருப்பதாகக் கொள்வோம். கண்ணால் பார்த்து இதனை உணர முடியாது. ஆனால் தானுந்து 1 கி.மீ. நேராகச் செல்லும்போது, அச்சக்கரம் தன் திசையிலேயே சென்றிருந்தால் ஏறத்தாழ 4.4 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கும். அவ்வாறு விலக இயலாமையால் அவ்வளவு தொலைவும் ரப்பர் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடிய பின் இவ்விழுவையின் கூட்டுத்தொகை 43 கி.மீ. அளவைத் தாண்டும். இழுவையின் ஒரு பகுதியை ரப்பரின் மீள்தன்மை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது தேய்மானமாக மாறும். சாய்கோணம் எந்த விளிம்பு தேய வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. திசைக்கோணம் எவ்வளவு விரைவில் தேயும் என்பதை முடிவுசெய்கிறது என்று சுருக்கிக் கூறலாம்.

பின் சக்கரங்களில் பொதுவாகச் சிறிதளவு முன்குவிவு வைக்கப்படுகிறது. இது நேர்ச்சாலையில் தானுந்துக்கு நிலைத்தன்மை அளிக்கிறது.

புஷ், வில், அதிர்வுதாங்கி

பின் சக்கரத்தைத் தாங்கும் கைகள் வண்டியுடன் ரப்பர் புஷ்கள் வழியாக இணைக்கப்பட்டுள்ளன. புதிய நிலையில் இவை கோணங்களைக் காக்கும். வெப்பத்தாலும் வயதாலும் ரப்பர் வெடித்துத் தளர்ந்தால், தடுக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுபட்டு முன்விரிவை நோக்கித் திரும்பும். முடுக்கும்போது எதிர்த்திசையில் திரும்பும். நின்றிருக்கும் தானுந்தில் அளந்தால் கோணம் சரியாக இருக்க, ஓடும்போது மட்டும் பிழைபடுவது இதனாலேயே.

சுருள்வில் களைத்துத் தாழ்ந்தாலும், அழகுக்காக உயரம் குறைந்த வில்களைப் பொருத்தினாலும் உட்சாய்வு கூடும். பல தாங்கமைப்புகளில் திசைக்கோணமும் உடன் மாறும். உயரத்தைக் குறைத்த பின் கோணங்களை மீண்டும் அமைக்காமல் ஓட்டுவது உள்விளிம்புத் தேய்மானத்துக்கு ஒரு பொதுவான காரணமாகும்.

விளையாட்டுத் தானுந்துகளில் மிகுதியாகக் காணப்படுவது ஏன்?

இதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன:

- இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும் பின் டயர்கள் வழியாகவே சாலைக்குச் செல்கிறது. போர்ஷே 911 போன்று இயந்திரம் பின்னே அமைந்த தானுந்துகளில் எடையின் பெரும்பகுதியும் பின் டயர்கள் மீதே உள்ளது.
- பிடிப்பு மிகுந்த மென்மையான ரப்பர் கலவை பயன்படுத்தப்படுவதால் இயல்பாகவே தேய்மானம் விரைவு.
- டயர் அகலமாக இருப்பதால், சிறு சாய்வும் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே பெரிய சுமை வேறுபாட்டை உண்டாக்கும்.
- முன்னும் பின்னும் வெவ்வேறு அகல டயர்கள் பொருத்தப்பட்டிருந்தால், சாதாரணத் தானுந்துகளில் செய்வதுபோல் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்ற முடியாது.
- ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய வரியமைப்புக் கொண்ட டயர்களை, ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பொருத்தாமல் இடம் வலம் மாற்ற இயலாது.

இடம் மாற்றுதல் பிழையைத் திருத்துவதில்லை. தேய்மானத்தை நான்கு டயர்களுக்கும் பங்கிட்டு மறைக்கிறது. அவ்வாய்ப்பு இல்லாத தானுந்துகளில் பிழை மறையாமல் ஒரே இடத்தில் வெளிப்படுகிறது.

சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948 இல் சென்னையில் நிறுவப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இதன் ஆலை இயங்கியது. இங்கிலாந்தில் 1959 இல் வெளியான டிரையம்ப் ஹெரால்டு தானுந்தை இந்நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. இதன் உடல் வடிவத்தை அமைத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலொட்டி ஆவார். பிற்காலத்தில் இந்தியாவுக்கெனத் தனியாக நான்கு கதவு வடிவமும் உருவாக்கப்பட்டது.

ஹெரால்டு ஒரு குடும்பத் தானுந்தே. எனினும் அதன் அடிச்சட்டத்திலிருந்து உருவானதே 1962 இல் இங்கிலாந்தில் வெளியான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கை விளையாட்டுத் தானுந்து. இரண்டின் பின் அச்சு அமைப்பும் ஒரே வகையானது. அக்காலத்தில் இந்தியச் சாலைகளில் பரவலாக இருந்த மற்ற இரு தானுந்துகளான அம்பாசடரும் ஃபியட் 1100 உம் வளையாத ஒற்றைப் பின் அச்சைக் கொண்டவை. ஹெரால்டில் மட்டும் இரு பின் சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கக்கூடிய ஊசலாடும் அச்சு பயன்படுத்தப்பட்டது.

ஊசலாடும் அச்சு செயற்படும் முறை

ஊசலாடும் அச்சு அமைப்பில் டிஃபரென்ஷியல் பெட்டி அடிச்சட்டத்துடன் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் இரு பக்கங்களிலும் உள்ள மூட்டுகளிலிருந்து இரண்டு அரை அச்சுகள் புறப்பட்டுச் சக்கரங்களைச் சென்றடையும். ஒவ்வோர் அரை அச்சிலும் சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு உதவும் மூட்டு உட்புறத்தில் ஒன்று மட்டுமே இருக்கும். டிஃபரென்ஷியலின் மேல் குறுக்காக வைக்கப்பட்ட பட்டைவில் ஒன்றே இரு சக்கரங்களையும் தாங்கும்.

வெளிப்புற மூட்டு இல்லாமையால் சக்கரம் தன் அரை அச்சுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். அரை அச்சு சாய்ந்தால் சக்கரமும் அதே அளவு சாயும். மூட்டிலிருந்து சக்கரம் வரையிலான நீளத்தை 50 செ.மீ. எனக் கொண்டால், சக்கரம் 2.5 செ.மீ. மேலேறும்போது சாய்கோணம் 2.9 பாகை அளவு மாறும். 5 செ.மீ. மேலேறினால் 5.7 பாகை அளவு மாறும்.

இதன் விளைவை ஹெரால்டில் எளிதாகக் காணலாம். நாள்பட்டுப் பட்டைவில் தாழ்ந்தாலோ, பின் இருக்கையில் மூவரும் பொருட்பெட்டியில் சுமையும் இருந்தாலோ, பின்னாலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் மேலே நெருங்கிக் கீழே விரிந்து நிற்கும். இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் இரு பின் டயர்களின் உள்விளிம்பும் தேயும். அப்போது டயரில் குறை தேடுவதால் பயனில்லை. குறை பட்டைவில்லில் உள்ளது.

இவ்வமைப்புக்கு இன்னொரு தீங்கும் உண்டு. விரைவாகத் திரும்பும்போது, அல்லது திருப்பத்தின் நடுவே முடுக்கியிலிருந்து திடீரெனக் காலை எடுக்கும்போது, வண்டியின் பின்புறம் மேலெழும்பும். அப்போது வெளிப்பக்கச் சக்கரம் வெளிச்சாய்வு அடைந்து வண்டிக்கு அடியில் மடங்க முற்படும். தொடுபரப்பு சுருங்கிப் பிடிப்பு குறையும். அமெரிக்காவில் 1960 முதல் 1964 வரை ஊசலாடும் அச்சுடன் விற்கப்பட்ட செவர்லே கோர்வேர் தானுந்து இதன் பொருட்டுக் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ரால்ஃப் நாடர் 1965 இல் வெளியிட்ட தானுந்துப் பாதுகாப்பு பற்றிய நூல் அதன் முதல் இயலை இத்தானுந்துக்கு ஒதுக்கியது.

பிந்தைய மாற்றங்கள்

டிரையம்ப் நிறுவனம் இக்குறையை இரு வழிகளில் குறைத்தது. 1968 இல் வெளியான ஜிடி6 மார்க் 2 இல் அரை அச்சுக்கு வெளிப்புற மூட்டும் கீழ்க்கையும் சேர்க்கப்பட்டன. 1970 இல் அறிமுகமான ஸ்பிட்ஃபயர் மார்க் 4 இல், உடலின் சாய்வைப் பட்டைவில்லின் பெரும்பாலான தகடுகள் எதிர்க்காத வகையில் வில் நடுவில் சுழலுமாறு மாற்றப்பட்டது.

சென்னையில் வேறு வழி பின்பற்றப்பட்டது. ஹெரால்டுக்குப் பின் 1972 இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு கசெல் தானுந்தில் ஊசலாடும் அச்சு கைவிடப்பட்டு, வளையாத ஒற்றைப் பின் அச்சு பொருத்தப்பட்டது. இதில் சக்கரங்கள் சுமைக்கேற்பச் சாய்வதில்லை. தனித்தனித் தாங்கமைப்பின் சொகுசு இழக்கப்பட்டது. சாய்கோணச் சிக்கலும் உடன் நீங்கியது. கசெல் உற்பத்தி 1977 இல் நின்றது. 1985 இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய தானுந்தை வெளியிட்ட இந்நிறுவனம் 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது.

பழக்கத்தின் தொடர்ச்சி

ஒற்றைப் பின் அச்சுள்ள தானுந்துகளில் பின் சக்கரக் கோணங்களை அமைக்க வழியில்லை. பெரும்பாலும் தேவையும் இல்லை. பின்னர் வந்த சிறிய முன்சக்கர இயக்கத் தானுந்துகளிலும் பின்புறம் முறுக்குத் தண்டு அச்சே பெரிதும் பயன்படுவதால் நிலைமை அதுவே. ஆகவே வீல் அலைன்மென்ட் என்பது முன் சக்கரங்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே எளிதில் வேரூன்றக்கூடியது.

பின் சக்கரம் ஒவ்வொன்றும் பல கைகளால் தாங்கப்படும் தானுந்துகளுக்கு இவ்வெண்ணம் பொருந்தாது. இத்தகையவை இறக்குமதி செய்யப்படும் விளையாட்டுத் தானுந்துகள் மட்டும் அல்ல. சென்னைக்கு அருகே மறைமலைநகர்ப் பகுதியில் 2007 இல் தொடங்கப்பட்ட பிஎம்டபிள்யூ ஆலையில் முதலில் பூட்டப்பட்ட 3 வரிசைத் தானுந்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றில் முன் சக்கரங்களை மட்டும் அளந்து சரிசெய்தால் பின் டயரின் தேய்மானம் நிற்காது.

சென்னைச் சாலைகளும் பருவநிலையும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற தென் மற்றும் மத்திய சென்னைப் பகுதிகளில் தானுந்துகள் பெரும்பாலும் குறைந்த விரைவிலேயே ஓடுகின்றன. நேர்ச்சாலையில் மெதுவாக ஓடும்போது, திருப்பத்துக்கென வைக்கப்பட்ட உட்சாய்வால் பயன் இல்லை. உள்விளிம்பின் கூடுதல் சுமை மட்டும் தொடர்கிறது. வேகத்தடைகளும் குழிகளும் தாங்கமைப்பின் கைகளையும் புஷ்களையும் தாக்குகின்றன. பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர்களில் இத்தாக்கம் ரப்பரால் உறிஞ்சப்படாமல் நேரடியாக ரிம்முக்கும் கைகளுக்கும் செல்கிறது. ஒரே குழியில் கடுமையாக விழுந்தாலும் திசைக்கோணம் மாறக்கூடும். 2020களில் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக இப்பகுதிகளின் பல சாலைகள் தோண்டப்பட்டும் திருப்பிவிடப்பட்டும் இருந்தன.

திருவான்மியூரிலிருந்து தெற்கே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை நகருக்குள் இயலாத விரைவுக்கு இடம் தருவது. வார நாட்களில் அசையாமல் நின்று, வார இறுதியில் மட்டும் இச்சாலையில் விரைந்து ஓடும் தானுந்துகளில், நகருக்குள் கவனிக்கப்படாத தேய்மானம் ஆபத்தாக மாறும் வாய்ப்பு அதிகம்.

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. குறுகிய நேரத்தில் கனமழை பெய்து சாலையில் நீர் தேங்குவது வழக்கம். கோடையில் வறண்ட சாலையில் குறையேதும் காட்டாத டயர், முதல் பெருமழையில் தன் நிலையை வெளிப்படுத்தும்.

ஆபத்து

ஈரச்சாலையில் டயரின் வரிப்பள்ளங்கள் நீரை அகற்றி, ரப்பர் சாலையைத் தொட வழிசெய்கின்றன. பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற இடமின்றி டயரின் அடியில் படலமாகத் திரண்டு டயரைத் தூக்கும். இது நீர்மேல் வழுக்கல் எனப்படும். 1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் வானூர்தி டயர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளிலிருந்து, இது தொடங்கும் விரைவு காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது என்ற எளிய சூத்திரம் பெறப்பட்டது. அதன்படி 32 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள, பள்ளங்கள் பயனற்றுப்போன டயர், ஆழமான நீரில் மணிக்குச் சுமார் 94 கி.மீ. விரைவில் சாலைத் தொடர்பை இழக்கும். அகன்ற டயர்களில் இது இன்னும் குறைந்த விரைவிலேயே நிகழக்கூடும்.

முன் டயர்கள் பிடிப்பை இழந்தால் தானுந்து திரும்ப மறுத்து நேராகச் செல்லும். பின் டயர்கள் பிடிப்பை இழந்தால் பின்புறம் வீசப்பட்டுத் தானுந்து சுழலும். பயிற்சியற்ற ஓட்டுநருக்கு இரண்டாவதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். உள்விளிம்பு முற்றும் தேய்ந்து உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகள் வெளிப்பட்டால், விரைந்து ஓடும்போது டயர் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

கண்டறியும் முறை

முன் டயரின் உள்விளிம்பைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் போதும். பின் சக்கரம் அவ்வாறு திரும்பாது என்பதால், தானுந்தைத் தூக்கியோ ஆய்வுப் பள்ளத்தின் மேல் நிறுத்தியோதான் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றும் வேளையும் இதற்கு ஏற்றது. கம்பிகள் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் உள்விளிம்பைத் தடவுவது தவிர்க்கப்பட வேண்டும்.

வரிப்பள்ளத்தின் ஆழத்தை உள், நடு, வெளி என மூன்று இடங்களிலும், சுற்றளவில் பல இடங்களிலும் அளந்து குறித்துக்கொள்ளுதல் நன்று. எடுத்துக்காட்டாக, வெளியே 5 மி.மீ., நடுவில் 4.5 மி.மீ., உள்ளே 1.5 மி.மீ. இருந்தால் சராசரி ஏறத்தாழ 3.7 மி.மீ. வரும். ஆனால் டயரின் தகுதியை முடிவுசெய்வது சராசரி அன்று, மிகக் குறைந்த அளவே. இந்த டயர் மாற்றப்பட வேண்டியது.

ஓட்டும்போது தெரியும் சில அறிகுறிகளும் உண்டு. நேராகச் செல்லும்போதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பியே இருப்பது, இரு பின் சக்கரங்களின் திசைக்கோணம் சமமாக இல்லாததால் இருக்கலாம். விரைவுக்கேற்ப உயரும் ரீங்கார ஒலி குழித் தேய்மானத்தையோ இறகுத் தேய்மானத்தையோ குறிக்கலாம்.

சரிசெய்யும் முறை

சரிசெய்யும் பணிகளை வரிசை தவறாமல் செய்தல் இன்றியமையாதது:

1. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு அமைத்தல்.
2. புஷ், மூட்டு, சக்கரப் பேரிங், வில், அதிர்வுதாங்கி ஆகியவற்றைச் சோதித்துப் பழுதானவற்றை மாற்றுதல். தளர்ந்த புஷ்ஷுடன் கோணங்களை அமைப்பதால் பயனில்லை.
3. ரிம் வளைந்துள்ளதா எனப் பார்த்தல்.
4. பின் டயர்கள் இரண்டையும் ஒருங்கே மாற்றுதல். விட்டம் வேறுபட்டால் டிஃபரென்ஷியல் இடைவிடாது செயற்பட வேண்டியிருக்கும்.
5. நான்கு சக்கரங்களின் கோணங்களையும் அளந்து, முதலில் பின் சக்கரங்களையும் பிறகு முன் சக்கரங்களையும் அமைத்தல். பின் சக்கரங்கள் நோக்கும் திசையே தானுந்து செல்லும் திசையை நிறுவுவதால் இவ்வரிசை பின்பற்றப்படுகிறது.
6. சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுப்படியைப் பெற்று வைத்தல்.
7. சில ஆயிரம் கி.மீ. ஓடிய பின் மூன்று இடங்களிலும் ஆழத்தை மீண்டும் அளத்தல். தேய்மானம் சமமாக இருந்தால் மட்டுமே காரணம் நீங்கியதாகக் கொள்ளலாம்.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை தானுந்து உதிரிப்பாகக் கடைகளுக்கும், புதுப்பேட்டை பழைய உதிரிப்பாகங்களுக்கும் பெயர்பெற்றவை. எங்கேயாயினும் பழைய டயர் வாங்குவோர் அதன் உள்விளிம்பையும் வயதையும் பார்த்தல் வேண்டும். 2000 ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கச்சுவரில் உற்பத்தி நாள் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்படுகிறது. 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தைக் குறிக்கும்.

சட்டநிலை

இந்தியாவில் மத்திய மோட்டார் ஊர்தி விதிகள், 1989 இன் 94 ஆம் விதி டயர்களின் நிலை பற்றியது. இதன்படி தானுந்து டயரின் வரிப்பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையக்கூடாது. இவ்வளவைக் காட்டும் சிறு மேடுகள் டயரின் பள்ளங்களுக்குள் உற்பத்தியின்போதே அமைக்கப்படுகின்றன. டயரின் மேற்பரப்பு இம்மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் மாற்றப்பட வேண்டும். நடுப்பள்ளத்தில் மேடு இன்னும் தாழ்ந்திருக்க, உட்பள்ளத்தில் மட்டும் மட்டமாகியிருத்தல் சீரற்ற தேய்மானத்தின் தெளிவான சான்றாகும்.

பந்தயத் தடங்களில்

சாலையில் குறையாகக் கருதப்படும் தேய்மானம், பந்தயத் தடத்தில் அளவீடாகப் பயன்படுகிறது. சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம் ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்திய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம், 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடத்தை நிறுவியது. 2024 இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகரச் சாலைகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்தப்பட்டது. அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் ராஃப்தார் என்னும் மாணவர் குழு பந்தயத் தானுந்துகளை வடிவமைத்து உருவாக்கி வருகிறது.

பந்தயத் தானுந்து தடத்திலிருந்து திரும்பியவுடன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பநிலை அளக்கப்படும். உள்விளிம்பு மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் உட்சாய்வு மிகுதி என்றும், நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்றழுத்தம் மிகுதி என்றும் கொள்ளப்படும். வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் வலப்பக்கத் திருப்பங்கள் மிகுதி என்பதால் இடப்பக்க டயர்கள் விரைவாகத் தேயும். பந்தயப் பொறியாளர் சில சுற்றுகளுக்குப் பின் டயரில் படிக்கும் செய்தியையே, சாலையில் செல்லும் தானுந்தின் பின் டயரும் பல ஆயிரம் கி.மீ. ஓடிய பின் காட்டுகிறது.